எந்த வரியில் மனம் மாறியது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டில் ஐந்து பேர் கூடுவோம். ஆளுக்கொரு புத்தகம், நடுவில் ஒரு தட்டு பருப்பு வடை, ஃபிளாஸ்க் நிறைய தேநீர். படிப்பது ஆங்கிலத்தில், சண்டை போடுவது தமிழில். இந்த முறை எடுத்துக்கொண்டது ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’. 1813இல் வெளிவந்த நாவல், மொத்தம் 61 அத்தியாயம். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘கர்வமும் முன்முடிவும்’ என்று வரும். தொடங்கும்போதே எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: “கதாநாயகி எலிசபெத்துக்கு டார்சி மேல் காதல் வந்த வரி எதுன்னு தோணுதோ, அது பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு வாங்க.”

கடைசி வாரம் புத்தகங்களைத் திறந்து வைத்தால், ஐந்து கோடும் ஐந்து இடத்தில். என் அண்ணன் மகள் மூன்று இடத்தில் போட்டு இரண்டை அழித்திருந்தாள். ரப்பர் தேய்த்த தடம் தாளில் அப்படியே இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கோடுகளைப் பற்றியது. நாவலைப் படிக்காதவர்களும் தொடர்ந்து வரலாம். முடிவு தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். இருநூறு வருடமாக முடிவு ஊருக்கே தெரியும், வாசிக்கிறவர்கள் குறையவில்லை.

நமக்கு இந்த மாதிரிக் காதல் கொஞ்சம் புதுசு என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் மரபில் காதல் கண்ணில் தொடங்கும். மிதிலையில் கம்பன் ‘அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்’ என்று ஒரே அடியில் காரியத்தை முடித்துவிடுகிறான். குறுந்தொகையில் செம்மண்ணில் விழுந்த மழைநீர் மாதிரி இரண்டு நெஞ்சும் கலக்கின்றன. விழுந்த நொடியில் நீர் சிவந்தாயிற்று, பிறகு பிரிக்க வழியில்லை. தொல்காப்பியமும் களவில் வேட்கை, ஒருதலை உள்ளுதல், மெலிதல் என்று வரிசை சொல்கிறதே என்று எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வி சரிதான். ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்பதே வேட்கை. ஆசை வந்த பிறகு அது எப்படி ஆளை உருக்குகிறது என்பதுதான் அங்கே விஷயம். ஆஸ்டின் எடுத்துக்கொண்டது அதற்கு முந்தைய பகுதியை: பிடிக்காத ஒருவரிடம் ஆசை எந்த வழியாக வருகிறது?

கதை இதுதான். பென்னட் குடும்பத்தில் ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை. அப்பா இறந்தால் சொத்து தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்குப் போய்விடும். இரண்டாவது மகள் எலிசபெத்துக்கு வயது 20. வாய் கொஞ்சம் அதிகம், கண்ணும் கூர்மை, தன் கண்ணின் கூர்மை மேல் நம்பிக்கை அதைவிட அதிகம். ஊர் நடன விருந்துக்கு வருகிற டார்சிக்கு வருடத்துக்கு 10,000 பவுண்டு வருமானம். அவளோடு ஆடலாமே என்று நண்பன் பிங்லி சொல்ல, ‘பரவாயில்லை ரகம், ஆனால் என்னை இழுக்கும் அளவுக்கு அழகில்லை’ என்கிறான் டார்சி, அவள் காதில் விழும் தூரத்தில்.

அவள் அழவில்லை. தோழிகளிடம் போய் அதையே ஒரு நகைச்சுவைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் பிறகு ஒரு இடத்தில், அவன் கர்வத்தை மன்னித்துவிடலாம், என் கர்வத்தை அவன் காயப்படுத்தாமல் இருந்திருந்தால், என்கிறாள். அந்த வரியை விட்டுவிடாதீர்கள். தலைப்பில் உள்ள கர்வம் அவனுடையது, முன்முடிவு அவளுடையது என்று பலரும் பங்கு பிரிப்பார்கள். அவளிடமும் கர்வம் உண்டு, அவனிடமும் முன்முடிவு உண்டு.

அதற்குப் பிறகு வருகிறான் விக்கம். சிரித்த முகம், இனிமையான குரல். முதல் பழக்கத்திலேயே, டார்சி என் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்று ஒரு கதை சொல்கிறான். எலிசபெத் உடனே நம்பிவிடுகிறாள். அவமானப்பட்ட மனதுக்கு இதைவிட நல்ல தீனி எங்கே கிடைக்கும்? அப்புறம் அவளுடைய அக்கா ஜேனையும் பிங்லியையும் டார்சியே பிரித்துவைத்தான் என்றும் தெரியவருகிறது. இந்த நிலையில்தான், 34ஆம் அத்தியாயத்தில், டார்சி அவள் முன்னால் வந்து நின்று, எவ்வளவோ போராடியும் முடியவில்லை, உன்னை நேசிக்கிறேன் என்கிறான். கூடவே அவள் குடும்பம் தன் தகுதிக்கு எவ்வளவு கீழே என்பதையும் விலாவாரியாக எடுத்துச் சொல்கிறான். பெண் கேட்க வந்தவன் பெண் வீட்டின் குறைகளைப் பட்டியல் போட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. உலகத்தில் கடைசி ஆணாக இருந்தாலும் உங்களைக் கட்டமாட்டேன் என்று அவள் சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

மறுநாள் காலை அவன் ஒரு கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். தமிழாசிரியர் கோடு போட்டிருந்தது இங்கே.

கடிதம் இரண்டு தாள், நெருக்கமான கையெழுத்து. இடம் போதாமல் உறையிலும் எழுதி நிரப்பியிருக்கிறான். விக்கம் சொன்னது பொய் என்று விவரத்தோடு வருகிறது. முதல் வாசிப்பில் அவள் எதையும் நம்பவில்லை. பொய், இருக்கவே முடியாது, இனி இதைத் தொடமாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம் ஆகவில்லை, மறுபடி பிரித்துவிடுகிறாள். இனி விக்கம் பற்றிய பகுதியை ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்க்கிறாள். அவன் செய்த நல்ல காரியம் ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று தேடுகிறாள். வருவதெல்லாம் முகமும் குரலும் பழகும் விதமும்தான். காரியம் ஒன்றும் வரவில்லை. முன்பின் தெரியாத என்னிடம் அவன் எதற்குக் குடும்பக் கதையைச் சொன்னான்? டார்சிக்குப் பயந்து ஒதுங்கமாட்டேன் என்றவன் பிறகு பிங்லி வீட்டில் நடந்த நடன விருந்துக்கு வராமல் போனது ஏன்? அப்போது கண் முன்னால் இருந்தும் படாத விஷயங்கள் ஒவ்வொன்றாக இப்போது படுகின்றன.

இந்த 36ஆம் அத்தியாயத்தில் வெளியே எதுவுமே நடப்பதில்லை. ஒரு பெண் ஒரு பாதையில் கடிதத்தோடு நடக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் நாவல் திரும்பும் இடம் இது. ஆளை அளக்கத் தெரியும் என்று பெருமை அடித்துக்கொண்ட நான் இவ்வளவு குருடாக இருந்தேனா என்று வெட்கப்படுகிறாள். இந்த நொடி வரைக்கும் என்னை எனக்கே தெரியவில்லை என்கிறாள். கவனியுங்கள், அவனைத் தெரியவில்லை என்று அவள் சொல்லவில்லை.

“இதுதானம்மா காதல் தொடங்கின இடம். தன் தப்பைப் பார்த்துட்டா, அப்புறம் என்ன?” என்றார் சார்.

நான் அடுத்த அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினேன். 37இல் ஆஸ்டின் கணக்குப் பிள்ளை மாதிரி எழுதிவைத்திருக்கிறார்: அவன் வைத்த பிரியத்துக்கு அவளிடம் நன்றி உண்டு, அவன் குணத்தின் மேல் மதிப்பு உண்டு, ஆனால் அவனை ஏற்க முடியாது, மறுத்ததற்கு ஒரு நொடியும் வருத்தமில்லை, திரும்பப் பார்க்க வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே அத்தியாயத்தில் அந்தக் கடிதம் கிட்டத்தட்ட மனப்பாடம் ஆகும் நிலைக்கு வந்துவிட்டது என்றும் இருக்கிறது. பார்க்க ஆசையில்லாதவனின் கடிதத்தை யாராவது மனப்பாடம் பண்ணுவார்களா? ஆனாலும் இதைக் காதல் என்று நான் சொல்லமாட்டேன். இது வெட்கம். வெட்கமும் தூங்கவிடாது.

நன்றி, மதிப்பு என்ற இந்த இரண்டு சொற்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து, கோடையில், கார்டினர் மாமா மாமியோடு எலிசபெத் சுற்றுலா போகிறாள். வழியில் டார்சியின் மாளிகை பெம்பர்லி. வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் உள்ளே போகிறாள். அண்ணன் மகளின் அழிக்காத கோடு இங்கேதான். “அத்தை, வீட்டப் பாத்துதான் மனசு மாறுனாங்க. சும்மா சுத்தி வளைக்காதீங்க.” அவளைச் சின்னப் பெண் என்று ஒதுக்கமுடியாது. ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘எமா’வுக்கு எழுதிய மதிப்புரையில் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட்டும் ஏறக்குறைய இதையே சொன்னார்: மாளிகையையும் தோட்டத்தையும் பார்த்த பிறகுதான் மறுத்தது முட்டாள்தனம் என்று எலிசபெத்துக்கு உறைத்ததாம். எலிசபெத்தே இந்த வீட்டுக்கு எஜமானி ஆவது லேசான காரியமா என்று நினைக்கிறாள். ஆனால் அடுத்த மூச்சிலேயே, அப்படி ஆகியிருந்தால் வியாபாரக் குடும்பத்து மாமா மாமியை இந்த வாசல்படி ஏறவிட்டிருப்பார்களா என்ற நினைப்பும் வருகிறது. நல்லவேளை அந்த நினைப்பு வந்தது, இல்லாவிட்டால் வருத்தம் மாதிரி ஏதோ வந்திருக்கும் என்கிறார் ஆஸ்டின். நான் வாய்விட்டுச் சிரித்த இடம்.

வீடு செய்ததை வீட்டுக்குள் இருந்தவர்கள் செய்ததோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ரெனால்ட்ஸ் அம்மாள் டார்சியை நாலு வயதிலிருந்து பார்த்தவர். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்கிறார். நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போனால் பெரியவர்கள் இதைத்தானே செய்வார்கள்? வரவேற்பறையில் வைத்த பலகாரத்தை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டிலும் கடைக்காரரிடமும் விசாரிப்பார்கள். சமமானவர்களிடம் ஒருவன் எப்படிப் பேசுகிறான் என்பது நடன விருந்தில் தெரிந்துவிட்டது. தன்னை நம்பி இருப்பவர்களிடம் எப்படி என்பது இங்கேதான் தெரிகிறது.

மாடியில் அவனுடைய ஓவியம் ஒன்று தொங்குகிறது. தன்னைப் பார்க்கும்போது சில வேளை அவன் முகத்தில் கண்ட புன்னகை அதில் இருப்பதை அவள் கவனிக்கிறாள். அதாவது அப்போதே அந்தப் புன்னகையைப் பார்த்திருக்கிறாள், ஞாபகமும் வைத்திருக்கிறாள், நமக்குத்தான் சொல்லவில்லை. பல நிமிடம் நிற்கிறாள், கிளம்பும் முன் திரும்பி வந்து இன்னொரு முறை நிற்கிறாள். வெளியே தோட்டத்துக்கு வந்தால், இருபது கெஜத்தில் அவனே நிற்கிறான். இரண்டு பேர் முகமும் சிவக்கிறது. பழைய டார்சியாக இருந்திருந்தால் தலையைக் குனிந்துவிட்டுப் போயிருப்பான். இவன் மாமாவை அறிமுகப்படுத்தச் சொல்கிறான், எப்போது வேண்டுமானாலும் வந்து மீன் பிடியுங்கள், தூண்டில் தருகிறேன் என்கிறான். அவள் குடும்பத்தைக் கேவலமாகப் பேசிய அதே வாய்.

அன்றைக்கு அடுத்த நாள் ராத்திரி சத்திரத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. என் கோடு அங்கே, 44ஆம் அத்தியாயத்தில். தன் மனதில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க முழுசாக இரண்டு மணி நேரம் விழித்துக் கிடக்கிறாள். நிச்சயமாக வெறுப்பில்லை. வெறுப்பு எப்போதோ போய்விட்டது, வெறுத்ததற்கு வெட்கப்பட ஆரம்பித்தே நாளாகிவிட்டது. மதிப்பு இருக்கிறது. அதற்கு மேலே நன்றி: ஒரு காலத்தில் நேசித்ததற்காக மட்டும் இல்லை, அப்படித் திட்டி அனுப்பிய பிறகும் மன்னித்து இன்னும் நேசிப்பதற்காக. அவன் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை இருக்கிறது. அந்த நன்மை தன்னைச் சார்ந்து இருக்க வேண்டுமா என்பது மட்டும்தான் தெரியவில்லை.

37இல் இருந்த அதே இரண்டு சொற்கள், பார்த்தீர்களா? நன்றியும் மதிப்பும். அங்கே அவை கணக்கில் வரவு வைத்துவிட்டு மூடிய நோட்டு. இங்கே மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: அவன் மாறியிருக்கிறான், தான் சொன்ன சுடுசொல்லால் மாறியிருக்கிறான் என்ற அறிவு. தன் பேச்சை ஒருவன் காதில் போட்டுக்கொண்டான் என்பதைவிட நெருக்கமான விஷயம் வேறு உண்டா?

இந்த இடங்களில் ஆஸ்டின் எழுதும் முறையையும் சொல்ல வேண்டும், முதல் முறை படிப்பவர்கள் தடுமாறுவது இதில்தான். கதை சொல்கிறவர் பேசுகிறாரா, எலிசபெத் நினைக்கிறாளா என்று பல வாக்கியங்களில் பிரிக்க முடியாது. ‘என்று அவள் நினைத்தாள்’ என்று முத்திரை குத்தமாட்டார். ‘அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வராது. என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது!’ என்று நான் எழுதினால், பின்பாதி என் குரலா அவள் சலிப்பா? அந்த வித்தைதான். இதனால் நாமும் அவளோடு சேர்ந்தே ஏமாறுகிறோம், அவளோடு சேர்ந்தே விழிக்கிறோம். முதல் பாதியில் டார்சியைத் திட்டாத வாசகரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நர்ஸ் அக்காவின் கோடு 46இல். தங்கை லிடியா விக்கத்தோடு ஓடிவிட்டாள் என்று கடிதம் வருகிறது. அந்த நேரம் பார்த்து டார்சி உள்ளே வருகிறான். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அறையில் மேலும் கீழும் நடக்கிறான். இப்படிப்பட்ட குடும்பத்தில் இனி யார் பெண் எடுப்பார்கள் என்று அவள் முடிவுகட்டிக்கொள்கிறாள். இவனை நேசித்திருக்க முடியும் என்று இதற்கு முன் இவ்வளவு உண்மையாக அவள் உணர்ந்ததில்லை, இனி நேசித்து என்ன பயன் என்று ஆன இந்த நேரத்தில்தான் உணர்கிறாள். “வார்டுல பாத்திருக்கேன். இருக்கும்போது வாயத் தொறக்க மாட்டாங்க. ஆள் போயிருவாங்கன்னு டாக்டர் சொன்ன பெறகுதான் எல்லாம் வெளிய வரும்” என்றார் அக்கா. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வடை ஆறிப்போயிருந்தது.

இதே அத்தியாயத்தில் ஆஸ்டின் நேரடியாக வாசகரிடம் வாதாடுகிறார். நன்றியும் மதிப்பும் பிரியத்துக்கு நல்ல அஸ்திவாரம் என்றால், எலிசபெத்தின் மாற்றத்தில் தவறு காண முடியாது. கண்டதும் வரும் காதல்தான் உயர்ந்தது என்பவர்களுக்கு ஒரு பதில், அந்த வழியை இவள் விக்கத்திடம் ஒருமுறை முயன்று பார்த்தாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு மறுபடி மிதிலைக்குப் போய்ப் பார்த்தேன். கம்பனிடம் எனக்குப் புகார் இல்லை. இராமனைப் பார்த்துக் காதலித்தால் ஏமாற இடமில்லை. நமக்கெல்லாம் எதிரில் வருவது பெரும்பாலும் விக்கம்தான்.

கணக்கராக வேலை பார்க்கும் தம்பி 52இல் கோடு போட்டிருந்தான். டார்சியே விக்கத்தைத் தேடிப் பிடித்து, 1,000 பவுண்டுக்கு மேல் கடனை அடைத்து, லிடியா பெயரில் இன்னொரு 1,000 போட்டு, ராணுவ வேலையும் வாங்கிக் கொடுத்துக் கல்யாணத்தை முடித்துவைத்தான், யாருக்கும் சொல்லாமல். மாமியின் கடிதத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது. எனக்காகச் செய்தானோ என்று மனது சொல்கிறது, அதை அடக்குகிறாள், அவனை நினைத்துப் பெருமைப்படுகிறாள். தம்பிக்கு என் பதில் சுருக்கம்தான்: பணம் வருவதற்கு முன்பே, 50ஆம் அத்தியாயத்திலேயே, குணத்திலும் திறமையிலும் தனக்கு ஏற்றவன் இவன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது சேர்ந்த வட்டி.

எல்லாம் முடிந்த பிறகு ஜேன் கேட்கிறாள், எப்போதிருந்து உனக்கு அவன் மேல் பிரியம்? கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை, பெம்பர்லியின் அழகான தோட்டத்தை முதலில் பார்த்த நாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் எலிசபெத். பின்பாதி கிண்டல். விளையாடாதே என்று ஜேன் கெஞ்ச வேண்டியிருக்கிறது. முன்பாதி உண்மை. டார்சியிடம் எலிசபெத் அதே கேள்வியைக் கேட்கும்போது அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. தொடங்கியது தெரிவதற்குள் நடுவில் இருந்தேன் என்கிறான். பட்டர்வொர்த்தில் பழைய பெரிய ஃபெரியில் ஏறி மேல்தளத்தில் பேசிக்கொண்டு நின்றவர்களுக்கு இது புரியும். எஞ்சின் முன்பே அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். கிளம்பியது தெரியாது. திரும்பிப் பார்த்தால் துறை தள்ளிப் போயிருக்கும்.

அண்ணன் மகளிடம் அழித்த இரண்டு கோடும் எங்கே என்று கேட்டேன். ஒன்று கடிதம். இன்னொன்று 54ஆம் அத்தியாயத்தில் விருந்து முடிந்து பெண்கள் காப்பி ஊற்றும் மேசை. நான் அந்த இடத்தை வேகமாகக் கடந்து போயிருந்தேன். எலிசபெத் காப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிறாள், பெண்கள் சுற்றிலும் நெருக்கியடித்து நிற்பதால் அவன் பக்கத்தில் வர முடியவில்லை. அவன் யாரிடம் பேசினாலும் இவளுக்குப் பொறாமை. ஒருமுறை மறுத்த ஆளிடம் மறுபடி எதிர்பார்க்கிறாயே என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். அப்போது குடித்த கோப்பையை அவனே கொண்டுவந்து கொடுக்கிறான். அதற்கே அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது.

நாவல் முழுக்க யாருக்கும் பதில் சொல்லத் தயங்காதவளுக்கு அந்தச் சமயத்தில் கேட்கக் கிடைத்தது இதுதான்: “உங்கள் தங்கை இன்னும் பெம்பர்லியில்தான் இருக்கிறாளா?”

ஆமாம், கிறிஸ்துமஸ் வரைக்கும் இருப்பாள் என்கிறான். இன்னும் ஒரு கேள்வி கேட்கிறாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

“இத ஏன் அழிச்ச?” என்றேன்.

“ரொம்பச் சின்ன விஷயமா இருந்துச்சு அத்தை,” என்றாள். பென்சிலை எடுத்து அதே தடத்தின் மேல் மறுபடி கோடு போட்டாள்.